ஆடியோவைக் கணக்கில் சேர்த்தீர்களா?
வீடியோ ஃபைலின் அளவை முன்கூட்டியே கணிப்பது பற்றிய இந்தக் கட்டுரை, பிட்ரேட்டை (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) நொடிகளால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஃபைல் அளவு வந்துவிடும் என்கிறது. சூத்திரம் சரிதான், ஆனால் வீடியோ பிட்ரேட்டை மட்டும் போட்டால் கவிழ்த்துவிடும். நானே கவிழ்ந்திருக்கிறேன். 2 மணி நேர மேடை நிகழ்ச்சி, வீடியோ 4500 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்). கணக்குப்படி 4.05 ஜிபி, 4.7 ஜிபி டிவிடியில் அடங்கிவிடும் என்று ராத்திரி என்கோடிங்கை (வீடியோவைச் சுருக்கி ஃபைலாக்கும் வேலையை) ஓடவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் டிஸ்க்கில் இடம் போதாது என்று எரர்! ஆடியோவைச் சுருக்காமல் பிசிஎம்மாகவே விட்டிருந்தேன். நொடிக்கு 1536 கிலோபிட், 2 மணி நேரத்துக்கு அதுவே 1.38 ஜிபி. ஏசி3 என்ற சுருக்கிய ஆடியோ வடிவில் நொடிக்கு 192 கிலோபிட்டுக்கு மாற்றியதும் 170 சொச்சம் எம்பிக்கு இறங்கியது. மேலே கருத்துகளில் ஒருவர், முதல் 5 நிமிடத்தை என்கோடு செய்து பார்த்து, அதைப் பெருக்கிக்கொள்ளலாம் என்கிறார். தரத்தை நிலையாக வைத்து என்கோடு செய்தால் அது ஏமாற்றும்; காட்சியில் அசைவு கூடக் கூட பிட்ரேட்டும் ஏறும். என் பதிவில் முதல் 5 நிமிடம் வரவேற்புரை, மைக் முன்னால் அசையாமல் ஓர் ஆள். பிறகு வந்ததெல்லாம் புகையும் சுழல்விளக்குமாக நடனம். அளவு பிசகக் கூடாதென்றால் டூ-பாஸில் (வீடியோவை இருமுறை ஓட்டி என்கோடு செய்யும் முறை) சராசரி பிட்ரேட்டைக் கொடுத்துவிடுங்கள், மக்ஸிங்குக்கும் (வீடியோவையும் ஆடியோவையும் ஒரே ஃபைலாக இணைப்பது) கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள்.