ஓடியவர்கள் சொன்னதைக் கேளுங்கள்

எங்கள் வன்னிப் பிள்ளைகள் ஒரு புதிய மோட்டார் சைக்கிளை ஓடிப் பார்த்துக் கருத்துச் சொன்ன காணொளி ஓர் இணையப் பக்கத்தில் வந்தது. அதன் கீழ் நேற்றுமுன்தினம் நடந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்பதால் முழுக் கதையையும் மறுபடி எழுதவில்லை. கொழும்பிலிருந்து வந்த நண்பர் நம்பித் திறப்பைக் கையில் கொடுத்தார்; எங்கள் தம்பிமாரும் ஒரு தங்கச்சியும் அந்தப் புதிய குரூசரை, அதாவது தாழ்ந்த இருக்கையோடு நெடுஞ்சாலைக்கென்று செய்த பாரமான மோட்டார் சைக்கிளை, கண்டி-யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ9 வீதியிலும் பிறகு உள்வீதிகளிலும் ஓடிப் பார்த்து, தங்களுக்குப் பட்டதைச் சொன்னார்கள். "நூறு சிசி ஓடுகிற வன்னிப் பொடியளுக்கு 650 பற்றி என்ன தெரியும்?" என்று ஒருவர் காணொளியின் கீழ் கேட்டார். காணொளியைப் போட்ட பக்கத்தை நடத்துபவர் அதற்குச் சிரிப்புக்குறி போட்டார். மறுநாள் உள்வீதிப் பகுதியை வெட்டிவிட்டுப் புகழ்ச்சியை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த வெட்டுத்தான் என்னை எழுத வைக்கிறது.

வண்டியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எனது கோபம் அதைச் செய்த நிறுவனத்தின் மீது அல்ல. ஓடியவர் சொல்வதை, அவர் எந்த வண்டிக்குச் சொந்தக்காரர் என்று பார்த்து எடைபோடுவதன் மீதுதான்.

அவர்கள் சொன்னது என்ன? மாங்குளத்திலிருந்து முறிகண்டி வரை கடைசிக் கியரிலேயே, ஒருமுறைகூடக் கியரைக் குறைக்காமல், எஞ்சின் இழுத்துக்கொண்டு போனது என்றும், எதிரே வந்த பேருந்தின் காற்று அடித்தபோதும் வண்டி அசையவில்லை என்றும் மனம் நிறைந்து சொன்னார்கள். இருக்கை பதிவாக இருந்ததால் இரண்டு கால்களும் நிலத்தில் முழுதாகப் பதிந்தன, அதனால் பயம் போய்விட்டது என்று தங்கச்சி சொன்னார். பிறகு, துணுக்காய்ப் பக்கம் கிரவல் வீதியில் ஒவ்வொரு குழியும் நேரே முதுகெலும்பில் ஏறியது என்றும், மெதுவாகத் திருப்பும்போது பாரம் முழுவதும் கைக்கு வந்தது என்றும், வெயிலில் நின்று நின்று போகையில் எஞ்சின் சூடு தொடையைச் சுட்டது என்றும் சொன்னார்கள். இதில் எது அறியாமை?

கணக்கைப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். உதாரணத்துக்கு, 2023 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த, ரோயல் என்பீல்ட் நிறுவனத்தின் குரூசரான சூப்பர் மீற்றியர் 650 இன் எடை 241 கிலோ, இருக்கை உயரம் 740 மில்லிமீற்றர். அதன் பின்சில்லு சொக் அப்சோபரில் ஏறி இறங்கும் தூரம் 101 மில்லிமீற்றர். அதே நிறுவனம் கரடுமுரடான வீதிகளுக்கென்று செய்த ஹிமாலயன் 450 இல் அந்தத் தூரம் 200 மில்லிமீற்றர். இருக்கையைத் தாழ்த்தினால் பின்சில்லு ஏறி இறங்க இடம் குறைகிறது. கால்களை முன்னே நீட்டி அமர்வதால், குழி வரும்போது எழுந்து நின்று அடியை முழங்காலில் வாங்கவும் முடிவதில்லை. 2020 இல் வந்த பிஎம்டபிள்யூவின் ஆர் 18 குரூசருக்கு 1802 சிசி எஞ்சினும் 345 கிலோ எடையும் இருந்தன. அதை மணலில் திருப்பச் சொன்னால் யாருடைய கைக்கும் பாரம் தெரியும். எங்கள் பிள்ளைகள் இந்த எண்களைப் படித்துவிட்டுப் பேசவில்லை. அவர்கள் உடம்பு உணர்ந்ததைச் சொன்னார்கள், எண்களும் அதையே சொல்கின்றன.

"குரூசர் நெடுஞ்சாலைக்குச் செய்த வண்டி, அதைக் கிரவலில் ஓடிவிட்டுக் குறை சொல்லலாமா?" என்று கேட்கிறார்கள். நெடுஞ்சாலையில் அது அருமை என்று முதலில் சொன்னவர்களே எங்கள் பிள்ளைகள்தான். ஆனால் ஏ9 இலிருந்து இறங்காமல் இங்கே எத்தனை பேர் தங்கள் வீட்டுப் படலைக்குப் போய்ச் சேர முடியும்? வாங்க நினைக்கும் ஒருவர் அறிய வேண்டியது அந்தக் கடைசித் தூரத்தைப் பற்றித்தான். "ஒரு பகல் ஓடியது போதாது" என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. அறிமுக ஓட்டத்துக்கு அழைக்கப்படும் பத்திரிகையாளர்களும் பெரும்பாலும் ஓரிரு நாள் ஓடிவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

"வாங்க முடியாத பொறாமை" என்று அங்கே எழுதிய வார்த்தைதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

எனது மாமா மல்லாவியில் ஹொண்டா எம்டி 90 மோட்டார் சைக்கிள்கள் திருத்தியவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை அது. சைலன்சர் புகையின் நிறத்தைப் பார்த்தே எங்கே பிழை என்று மாமா சொல்லிவிடுவார். அப்போதே பெண்கள் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன மண் இது. அந்தத் தங்கச்சியைப் பார்த்து "ஸ்கூட்டி ஓடுகிற பிள்ளைக்கு இது எதற்கு" என்று எழுதியவருக்கு அது தெரியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அத்தனை காலமும் பழைய வண்டிகளின் செயினையும் கிளச்சையும் தாங்களே மாற்றி, 2022 இல் வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்று ஓட்டியவர்கள்தான் இந்தப் பிள்ளைகள். ஓர் எஞ்சின் எப்படி இழுக்கிறது என்று சொல்ல இவர்களுக்குத் தகுதி இல்லையென்றால், வேறு யாருக்கு இருக்கிறது?

நான் கூடுதலாக உணர்ச்சிவசப்படுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். வன்னிக்காரர் எதையும் காணாதவர் என்ற பேச்சை நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கேட்டு வருகிறேன். அது ஒவ்வொரு முறையும் ஒரு பகிடியாகத்தான் வருகிறது, ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் சிரித்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. நேற்று அந்தத் தங்கச்சி தனது இணையப் பக்கத்தில் போட்டிருந்த படத்தை அழித்துவிட்டார். அவர் ஒரு பிழையும் சொல்லவில்லை.

பக்கத்தை நடத்துபவரிடம் கேட்பது ஒன்றுதான்: வெட்டிய பகுதியைச் சேர்த்து முழுக் காணொளியையும் மறுபடி வெளியிடுங்கள். அவர்கள் சொன்னது தவறு என்று நினைப்பவர்கள் அதே வண்டியோடு துணுக்காய்க்கு வாருங்கள். ஓடி முடித்த பிறகு நீங்கள் சொல்வதை நாங்கள் ஒரு சொல்லும் வெட்டாமல் போடுகிறோம்.