பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கேட்டால் என்ன குறைந்துவிடும்?

என் காரின் பின்பகுதியிலிருந்து சத்தம் வருகிறது என்று மெக்கானிக்குகளிடம் சொன்னால் அவர்களுக்கு முதல் வேலை என்ன? ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பதுதானே? அதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை. நிற்கிற காரின் பானெட்டைத் திறந்து, எஞ்சினை உறுமவிட்டு, "ஒண்ணும் கேக்கலையே சார்" என்கிறார்கள். ஓடும்போது வருகிற சத்தம் நிற்கும்போது எப்படி ஐயா கேட்கும்?

அப்புறம் ஊகம் ஆரம்பிக்கிறது. "ஷாக் அப்சார்பர் போயிருக்கும்." மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கழற்றிப் போட்ட பழைய ஷாக்கில் ஒரு சொட்டு எண்ணெய்க் கசிவு கூட இல்லை. சரி, சக்கரத்தை உராயாமல் சுழலவிடும் வீல் பேரிங் என்றார்கள். அதையும் மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. இப்போது "புஷ் செட்டை மொத்தமா மாத்திடலாம்" என்கிறார்கள். சக்கரத்தைத் தாங்கும் பாகங்களின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள்தான் இந்த புஷ். ஊகம் அவர்களுடையது, பில் மட்டும் என்னுடையதா?

அந்தச் சத்தமே எவ்வளவோ சொல்கிறது, காது கொடுத்தால் போதும். வேகம் கூடக் கூட ஊளை கூடுகிறதா? காரை இடப்பக்கம் வளைத்தால் பாரம் வலப்பக்கச் சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் அதிகமானால் வலப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்திருந்தாலும் இதே ஊளைதான் வரும். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் போட்டு ஓட்டினால், சத்தமும் கூடவே இடம் மாறுகிறதா என்று தெரிந்துவிடும். பேரிங்கைக் கழற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'டொக்' என்றால் ஷாக்கின் மேல் மவுண்ட்டையும் புஷ்ஷையும் பார்க்கலாம். பிரேக் மிதிக்கும்போது சத்தம் மாறினால் பின் சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் திறக்கலாம். எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் தகரம் அதிர்ந்தால், சைலன்சரைத் தாங்கும் ரப்பரையோ அதன் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டையோ அசைத்துப் பார்க்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால், காசே செலவாகாத வேலை ஒன்று இருக்கிறது. டிக்கியைக் காலி செய்வது. ஸ்டெப்னியின் போல்ட் தளர்ந்திருக்கலாம், ஜாக்கி அதன் இடத்தை விட்டு நழுவியிருக்கலாம், பின் சீட்டின் கொக்கி சரியாகப் பூட்டாமல் இருக்கலாம். இதை ஒருவர் கூடச் செய்யவில்லை. ஸ்பேனரைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் வந்தது, "பாட்டைக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்குங்க சார், கேக்காது" என்று ஒருவர் சொன்னபோது. பேரிங் உண்மையிலேயே போயிருந்தால் சக்கரம் ஆட ஆரம்பிக்கும். முற்றவிட்டால் ஓடும்போதே சக்கரம் கழன்றுவிடக்கூடும். பின் சீட்டில் உட்காருவது என் பிள்ளைகள். அதைப் பாட்டு போட்டு மறைக்கச் சொல்கிறாரே!

ஓட்டிப் பார்க்கிற நேரத்துக்குக் கூலி கேளுங்கள், தாராளமாகத் தருகிறேன். ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் பின் சீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும். எந்த வேகத்தில், எந்த வளைவில், எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு எந்த பாகத்தை வேண்டுமானாலும் கழற்றுங்கள்.