பல் இல்லாத பக்கெட்

வீட்டு மனைக்கு அஸ்திவாரம் தோண்டும்போது தொல்லியலாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை வீண் செலவு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவருக்கு கோல்செஸ்டரைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் உள்ள அந்த ஊரில் பழைய ராணுவ முகாம் நிலத்தில் வீடுகள் கட்டத் திட்டமிட்டார்கள். அதற்கு முன்னால் நடந்த அகழாய்வில், 2004-இல், ரோமானியர்களின் குதிரைத் தேர்ப் பந்தயக் களம் வெளிப்பட்டது. ஏறத்தாழ 450 மீட்டர் நீளம். பிரிட்டனில் இதுவரை தெரிந்த அப்படிப்பட்ட ஒரே களம் அதுதான்.

களத்தில் உயரமான சுவர் எதுவும் மிஞ்சவில்லை. கல்லை என்றோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது பெரும்பாலும் சுவர் இருந்த இடத்தில் மண்ணில் ஒரு நிற வித்தியாசம், கொஞ்சம் சுண்ணாம்புக் காரை, உடைந்த கல். ஜேசிபி ஓட்டுபவருக்கு அது வெறும் மண்தான், அவர்மேல் தப்பில்லை. அதனால்தான் கண்காணிப்பு உள்ள இடங்களில் ஜேசிபியில் மண் அள்ளும் பக்கெட்டாகப் பல் இல்லாத பக்கெட்டை மாட்டி மெல்லிய அடுக்காகச் சுரண்டச் சொல்வார்கள். பல் வைத்த பக்கெட் மண்ணைக் கிளறிவிடும், அந்த நிறக் கோடு கண்ணுக்குத் தெரியாது.

சரி, செலவு யாருடையது? 1990-இல் வந்த அரசின் கட்டுமானத் திட்ட வழிகாட்டுதலுக்குப் பிறகு இங்கிலாந்தில் பெரும்பாலும் கட்டுபவர்தான் கொடுக்கிறார். கடைசியில் வீட்டு விலையில் சேர்ந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் கோல்செஸ்டரில் வீடுகளும் வந்தன, தேர்கள் புறப்பட்ட வாசல் இருந்த இடத்தையும் போய்ப் பார்க்கலாம்.