பிளாஸ்டிக் காதில் பழகுவது உண்மை, மற்றது பிழை

"டாக்டர்மார் பிளாஸ்டிக் காதில் பழகிவிட்டு நேரே நோயாளியின் காதைத் துளைக்கிறார்கள், ஒப்பரேஷனுக்குப் போகாதீர்கள்" என்றொரு செய்தி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. முதல் பாதி சரி, மிச்சம் பிழை.

காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள், ஒரு மேட்டெலும்பு தட்டுப்படும். காது ஒப்பரேஷனில் அதைத்தான் நுண்ணோக்கிக்குக் கீழே துளைக்கிறார்கள். உள்ளே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. ஒலியை உள்ளே கடத்தும் அங்கவடி எலும்போ ஏறத்தாழ 3 மில்லிமீற்றர், உளுந்தை விடச் சின்னது. கை தவறுவதென்றால் அந்தப் பிளாஸ்டிக் மாதிரியிலேயே தவறட்டுமே! சிடி ஸ்கானைப் பார்த்து முப்பரிமாண அச்சில் எடுத்த மாதிரி கெட்டால் இன்னொன்று எடுக்கலாம்.

அது பயிற்சியின் ஒரு படி மட்டுமே. தானமாகக் கிடைத்த உடல்களிலும் பழகுவார்கள். அப்புறம் நோயாளியிடம் வரும்போது மூத்த நிபுணர் பக்கத்தில் நிற்பார். சந்தேகமென்றால் போதனா வைத்தியசாலையின் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் கேளுங்கள். சீழ் வடியும் காதோடு யாரும் பயந்து வீட்டில் இருந்துவிடக் கூடாது, ஆகவே இந்தச் செய்தியை இனி அனுப்பாதீர்கள்.