"டாக்ஸ்ல இருக்கு" என்று சொல்வதற்கு முன் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்

நேற்று இரவு நம் ஃப்ரேம்வொர்க் (வலைத்தளம் கட்ட உதவும் தயார்நிலைக் கோடு) குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள், முழுக் கதையையும் திரும்பச் சொல்லவில்லை. "என் கம்ப்யூட்டரில் சரியாக ஓடுகிறது, சர்வரில் ஏற்றினால் சிஎஸ்எஸ் மட்டும் வரவில்லை" என்று புதியவர் ஒருவர் கேட்டார் (சிஎஸ்எஸ் என்பது பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் தீர்மானிக்கும் ஃபைல்). என்னென்ன செய்து பார்த்தார் என்பதையும் எழுதியிருந்தார். டாக்ஸை, அதாவது ஃப்ரேம்வொர்க்கைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் டாக்குமென்டேஷனைக் காட்டி வந்த பதில் ஒரே வரி: "டாக்ஸ்ல இருக்கு, படிச்சிட்டு வாங்க." கீழே நாலு பேரின் சிரிப்பு ஸ்மைலி. அப்புறம் கேள்வியையே பூட்டிவிட்டார்கள்.

நான் போய்ப் படித்தேன். டாக்ஸில் இல்லை. ஸ்டாட்டிக் ஃபைல்களை (சிஎஸ்எஸ், படம் போன்ற மாறாத ஃபைல்களை) தகுந்தபடி அமைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். தகுந்தபடி என்றால் எப்படி? அதைத்தானே அவர் கேட்டார்?

ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் பிழை அந்தப் பத்துப் பேரிடம் இல்லை, டாக்குமென்டேஷனில் இருக்கிறது. கோடில் பிழை வந்தால் இஷ்யூ (பிழைப் புகார்) திறக்கிறோம், டெஸ்ட் எழுதுகிறோம், புது வெர்ஷன் விடுகிறோம். டாக்குமென்டேஷனில் பிழை என்றால் மட்டும் கேட்டவரைத் திட்டுகிறோம்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. லாகின் ஆகும், அடுத்த பக்கம் போனால் யூசர் யார் என்றே தெரியாது. இரண்டு இரவுகள் தூங்காமல் தேடினேன். காரணம், மிடில்வேர் (பக்கம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் வழியில் கடக்கும் கோடுத் துண்டுகள்) வரிசை. செஷன் மிடில்வேர் (வந்தவரை அடுத்தடுத்த பக்கங்களிலும் நினைவில் வைப்பது) முதலில் வர வேண்டும், அதன் பிறகுதான் லாகினைச் சரிபார்க்கும் மிடில்வேர், ஏனென்றால் இரண்டாவது தனக்கு வேண்டியதை முதலாவதிடமிருந்து எடுக்கிறது. வரிசை முக்கியம் என்று மிடில்வேர் பக்கத்தில் ஒரு சொல் இல்லை. மூடிக்கிடந்த ஒரு பழைய இஷ்யூவின் கடைசிக் கமென்டில் இருந்தது. சரி, அடுத்தவராவது தூங்கட்டும் என்று நாலு வரி எழுதிப் புல் ரெக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) அனுப்பினேன். நாலு மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை, கடைசியில் ஒரு பாட் (தானாக இயங்கும் நிரல்) வந்து "நீண்ட நாள் அசைவில்லை" என்று மூடிவிட்டுப் போனது. அசையாமல் இருந்தது நானா?

"எல்லாரும் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள், அவர்களைக் குறை சொல்லாதே" என்று சிலர் வருவீர்கள். தெரியும். நானும் சம்பளம் இல்லாமல்தான் அந்த நாலு வரி எழுதினேன். நேரமில்லை என்றால் பதில் சொல்லாமல் கடந்து போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. சிரிப்பதற்கு நேரம் இருந்ததே, அதைத்தான் கேட்கிறேன். "சிலர் எதையும் படிக்காமலே கேட்கிறார்கள்" என்பதும் உண்மைதான், ஆனால் நேற்று கேட்டவர் அப்படி இல்லை. "இப்போதெல்லாம் ஏஐயிடம் கேட்டால் சொல்லிவிடும்" என்கிறீர்களா? அதுவும் நாம் எழுதி வைத்த பழைய பக்கங்களைப் படித்துத்தான் சொல்கிறது, அதனால்தான் இரண்டு வெர்ஷன் முந்தைய சின்டாக்ஸைக் கூசாமல் நீட்டுகிறது.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க் 2005இல் ஒரு செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து வெளிவந்தது, ஜாங்கோவில் புது வசதி சேர்க்க வேண்டுமென்றால் கோடோடு டெஸ்டும் டாக்குமென்டேஷனும் சேர்ந்தே வர வேண்டும். 2017 டிசம்பரில் 2.0 வந்தபோது ஃபாரின் கீயில் (ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைப்பது) ஆன் டெலீட் (இணைந்த தகவல் அழிந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அமைப்பு) கட்டாயமானது, பழைய டுடோரியல் பார்த்து எழுதியவர்களின் கோட் உடைந்தது. ஆனால் ரிலீஸ் நோட்ஸில் (புது வெர்ஷனில் மாறியவற்றின் பட்டியலில்) அது இருந்தது, எந்த வெர்ஷனுக்கான பக்கத்தைப் படிக்கிறோம் என்பதும் பக்கத்திலேயே தெரிந்தது. "படிச்சிட்டு வாங்க" என்று அங்கே சொன்னால் படிக்க ஏதாவது இருக்கும். அதே 2017இல் கோடைப் பகிரும் தளமான கிட்ஹப் நடத்திய ஓப்பன் சோர்ஸ் கணக்கெடுப்பில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, பழசாகிப்போன டாக்குமென்டேஷனைப் பிரச்சினையாகச் சொன்னார்கள். 93 சதவீதம் பேருமா படிக்கத் தெரியாதவர்கள்?

நேற்று கேட்டவர் இன்று காலை கேள்வியை அழித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. முதன்முதலில் கேள்வி கேட்க நான் எத்தனை நாள் தயங்கினேன் என்பது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவர் இதைப் படிக்கிறாரா தெரியாது, படித்தால்: டீபக் மோடை (உருவாக்கும்போது பிழைகளை விவரமாகக் காட்டும் நிலையை) அணைத்தவுடன் ஃப்ரேம்வொர்க் ஸ்டாட்டிக் ஃபைல்களைத் தானே கொடுப்பதை நிறுத்திவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, அந்த ஃபோல்டரை என்ஜின்எக்ஸ் (சர்வரில் பக்கங்களைக் கொடுக்கும் வெப் சர்வர் மென்பொருள்) நேரடியாகக் கொடுக்கும்படி பாதையைக் காட்டுங்கள். அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் அந்த ஃபோல்டரைப் படிக்கும் அனுமதி என்ஜின்எக்ஸுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் சரியாகவில்லையென்றால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை.