8 மணி நேர வேலை, 21 மணி நேரம்

வீட்டில் இருக்கும் பழைய சர்வரில் மூன்று வருடமாக ரொசெட்டா அட் ஹோம் ஓடுகிறது. தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் திட்டம் அது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் தொடங்கியது. அவருக்கு 2024இல் வேதியியல் நோபல் அறிவித்தபோது, அந்த ஆய்வகத்தின் வேலை நம் வீட்டிலும் ஓடுகிறது என்று மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

திட்டத்திடமிருந்து கணக்கு வேலைகளை வாங்கி என் சர்வரில் ஓட்டும் நிரலின் பெயர் பாயிங்க். போன மாதம் அந்த வேலைகள் முடியாமல் இழுக்க ஆரம்பித்தன. "அண்ணே, பாயிங்க்கை அழிச்சுட்டுப் புதுசா போடுங்க" என்றார் ஒரு தம்பி. இன்னொருவர் முன்னுரிமையை ஏற்றச் சொன்னார். தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். கோப்புகளோடு அழித்தால் கையில் இருக்கும் பாதி வேலையும் சேர்ந்து போகும். முன்னுரிமை விஷயம் வேறு. லினக்ஸில் இந்த வேலைகள் நைஸ் 19இல், அதாவது மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடும். மற்ற எல்லா நிரலுக்கும் வழிவிட வேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் அதே சர்வரை நம்பியிருக்கும் மற்றவை திணறும்.

முதலில் பாயிங்க்கின் வேலைப் பட்டியலையும் பதிவேட்டையும் எடுத்து இரண்டு எண்களைப் பாருங்கள்: சிபியு நேரம் (செயலி உண்மையில் உழைத்த நேரம்), கடிகார நேரம் (வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஆன நேரம்). இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் கணினியின் சக்தியே அவ்வளவுதான். எனக்கு சிபியு நேரம் 8 மணி, கடிகார நேரம் 21 மணி. அதாவது 13 மணி நேரம் வேலை சும்மா காத்துக்கிடந்திருக்கிறது.

ஏன் காத்திருந்தது என்பதை அதே பதிவேடு சொன்னது. சிபியு பிஸி, நிறுத்துகிறேன், மறுபடி தொடங்குகிறேன், மறுபடி நிறுத்துகிறேன். பக்கம் பக்கமாக இதே வரிகள். வேறு நிரல்கள் சிபியுவில் ஒரு வரம்பைத் தாண்டினால் ஒதுங்கிக்கொள் என்பது பாயிங்க்கின் இயல்பு அமைப்பு. மேசைக் கணினிக்கு அது நல்ல மரியாதை. சர்வரில் ஏதாவது ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். என்னுடையதில் குடும்பப் புகைப்படங்களை அட்டவணைப்படுத்தும் நிரல்.

அந்த வரம்பை நீக்கினேன். அப்புறமும் முழுதாகச் சரியாகவில்லை. நினைவகத்தைப் பார்த்தால், 16 ஜிபியும் நிரம்பி வட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. சர்வரில் யாரும் விசைப்பலகையைத் தொடுவதில்லை அல்லவா, அதனால் ஆள் இல்லை என்று எண்ணி பாயிங்க் நினைவகத்தில் 90 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறது. அதை 50 ஆக்கினேன். அதோடு ஒரே நேரத்தில் 16 வேலை ஓடிக்கொண்டிருந்தது. என் செயலியில் 8 கோர்தான், 16 என்பது இழைகளின் எண்ணிக்கை, அதாவது ஒரு கோரை இரண்டு வேலைகள் பகிர்ந்துகொள்கின்றன. எனவே ஒரே நேரத்தில் 8 வேலை போதும் என்று வைத்தேன்.

இப்போது ஒரு வேலை எட்டரை மணி நேரத்தில் முடிகிறது. முன்பு நாளுக்குச் சுமார் 18 முடிந்தது, இப்போது 22. ஒரு கோரை முழுதாகப் பெறுவதால் அதே 8 மணி நேரத்தில் ரொசெட்டா அதிக வடிவ மாதிரிகளையும் போட்டுப் பார்க்கிறது.

வேலையை வாங்கி வைத்துக்கொண்டு கெடுவைத் தவறவிட்டால், அதே வேலை இன்னொருவர் கணினிக்குப் போகிறது. அங்கே யாரோ ஒருவர் முடிவுக்காகக் காத்திருக்கிறார். எட்டை வாங்கி நேரத்தில் கொடுப்பதைத்தான் நான் தன்னார்வம் என்பேன். உங்கள் சர்வரிலும் அந்த இரண்டு எண்களை இன்றிரவு பாருங்கள், என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள். சேர்ந்து பார்க்கலாம்.