எடுத்துப் போடலாமா சார்?

போன வாரம் உள்பெட்டியில் ஒரு செய்தி. "சார், நீங்க ஈயம் பூசுறவரைப் பத்தி எழுதின கட்டுரையை எங்க ஸ்கூல் ஆண்டு மலர்ல எடுத்துப் போடலாமா? உங்க பேரோடதான் சார்." கேட்டவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர். முன்பின் தெரியாதவர். 'தாராளமாக' என்று ஒரே சொல்லில் முடிக்க வேண்டிய பதில் அது. அதை அனுப்ப எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கொடுக்க மனம் வராமல் இல்லை. ஏன் அவ்வளவு நேரம் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கட்டுரையை 2011இல் என் வலைப்பூவில் எழுதினேன். "ஈயம் பூசலையோ ஈயம்" என்று குரல் கொடுத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார் ஒரு பெரியவர். மண்ணில் குழி தோண்டி, துருத்தி வைத்து, பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சுவார். நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெண்புகை கிளம்பும். ஈயத்தைத் தேய்த்து, பஞ்சால் ஒரு சுற்று. கறுத்துக் கிடந்த உட்புறம் வெள்ளி மாதிரி ஆகிவிடும். இவ்வளவுதான் கட்டுரை. எழுதியவனைத் தவிர நாற்பது பேர் படித்திருந்தால் அதிகம்.

அப்புறம் அது வீட்டை விட்டுக் கிளம்பியது. முதலில் 'படித்ததில் பிடித்தது' என்ற தலைப்பில் ஓடியது. பிறகு 'நன்றி: வாட்ஸ்ஆப்' என்று வந்தது. கடிதம் எழுதியவனை விட்டுவிட்டுத் தபால்காரருக்கு மாலை போடுகிற வழக்கம் நம்மிடம் எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை. நாலைந்து வருடம் ஊர் சுற்றிவிட்டு, கடைசியில் என் சித்தியின் கைப்பேசி வழியாக என்னிடமே திரும்பி வந்தது. "டேய், யாரோ நல்லா எழுதியிருக்காங்க பாரு" என்று ஒரு குரல்பதிவு வேறு. படித்துப் பார்த்தேன். எல்லாம் என் வரிகள். ஆனால் கடைசியில் நான் எழுதாத ஒரு பத்தி முளைத்திருந்தது: ஈயம் பூசிய பாத்திரத்தில் ரசம் வைத்துச் சாப்பிட்டால் நாற்பத்தெட்டே நாளில் மூட்டு வலி போய்விடுமாம்.

"சித்தி, அது நான் எழுதினது" என்றேன்.

"அப்படியா! அப்போ மூட்டு வலிக்கு நிஜமாவே கேக்குமாடா?"

என்ன சொல்வது? பெயரை எடுத்ததுகூடப் பெரிதாக வலிக்கவில்லை. அந்த வால்தான் வலித்தது. நம் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உரிமையை வேறொருவருக்கு முழுதாக விற்றுவிட்டாலும், 'இதை எழுதியது நான்' என்று சொல்லும் உரிமை எழுதியவருக்குப் போகாது. அவர் பெயருக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் தட்டிக் கேட்கலாம் என்றும் அது சொல்கிறது. அதை எழுதி வைத்தவர்களுக்கும் என் சித்தி மாதிரி ஒரு சித்தி இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு முறை ஒரு சிறிய அச்சிதழ், கேட்காமலே அதே கட்டுரையை எடுத்துப் போட்டிருந்தது. பக்கத்தில் இடம் போதாமல் கடைசி இரண்டு பத்திகளை வெட்டியிருந்தார்கள். போன் செய்தேன். "இன்டர்நெட்ல சும்மாதானே கிடந்தது சார்" என்றார் ஒருவர். கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தோன்றவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். வாசலில் நிறுத்தியிருக்கும் சைக்கிளும் சும்மாதான் நிற்கிறது. இத்தனைக்கும் சட்டம் இதில் ரொம்பத் தெளிவு. எங்கும் பதிவு செய்ய வேண்டாம், 'காப்புரிமை பெற்றது' என்று அடியில் போட வேண்டாம். எழுதிய கணத்திலேயே அது எழுதியவருடையது. அவர் இருக்கும்வரையிலும், போன பிறகு 60 ஆண்டுகளும் அப்படித்தான்.

அந்தக் கோபத்தில் நானும் ஒரு கோமாளித்தனம் செய்தேன். வலைப்பூவில் பூட்டுப் போட்டேன். வலது பொத்தானை அழுத்தினால் 'நகல் எடுக்க அனுமதி இல்லை' என்று ஒரு பெட்டி குதிக்கும். எடுப்பவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். என் பழைய பதிவிலிருந்து நானே இரண்டு வரி எடுக்கப் போனபோது பெட்டி என் முகத்தில் குதித்தது. அன்றே கழற்றிவிட்டேன்.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் சிலர் பாரதியை இழுப்பார்கள். "பாரதி பாட்டை எல்லாரும் பாடுறாங்க, உனக்கு மட்டும் என்ன உரிமை வேண்டிக்கிடக்கு?" பாரதி பாட்டு தானாக நம்மிடம் வந்து சேரவில்லை. அவர் இறந்தது 1921இல். பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஒரு கட்டத்தில் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி யாருக்கும் தனிச் சொத்தில்லை என்று எழுத்தாளர்களும் நாடகக்காரர்களும் கிளர்ந்தார்கள். செட்டியார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949இல் அரசு பாரதியின் படைப்புகளின் உரிமையை வாங்கி, 1955இல் மக்களுக்குப் பொதுவாக்கியது. குடும்பத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்தார்கள். இன்றைக்கும் நூல்களை நாட்டுடைமை ஆக்கும்போது மரபுரிமையருக்குப் பரிவுத்தொகை கொடுத்துத்தான் ஆக்குகிறார்கள். பொதுவாக்க வேண்டுமென்றாலும் அதை ஓர் உரிமையாளர்தான் செய்ய முடியும், அதுவும் கையெழுத்துப் போட்டு. 'சும்மா கிடந்தது' என்பதும் 'எல்லாரும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதும் ஒன்று போலத் தெரியும். ஒன்றில் கொடுத்தவன் இருக்கிறான், மற்றதில் அப்படி ஒருவன் இருந்ததே மறந்துபோய்விடுகிறது. எனக்கு அந்த வித்தியாசம் முக்கியம்.

காசு கேட்கிறேனா என்றால், இல்லை. என் எழுத்தை விற்று யாரும் வீடு கட்டப் போவதில்லை. கேட்ட எல்லாருக்கும் கொடுத்தே வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்க வைப்பது மட்டும் கொஞ்சம் ஜமீன்தார்த்தனமாக இருக்கிறது. அதற்குத்தான் 2002இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. முன்கூட்டியே நிபந்தனையை எழுதி வைத்துவிட்டால், யாரும் வாசலில் வந்து நிற்க வேண்டாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற இலவச மின்னூல் தளத்தின் தன்னார்வலர்கள் எத்தனையோ பதிவர்களிடம் மின்னஞ்சலில் இசைவு வாங்கி, இந்த உரிமங்களில்தான் மின்னூல்களை வெளியிட்டு வருகிறார்கள்.

எந்த நிபந்தனை என்பதில்தான் எனக்குக் குழப்பம். 'வணிக நோக்கில் கூடாது' என்று போடலாமா? ஆசிரியரின் ஆண்டு மலரில் பின்னட்டையில் உள்ளூர் நகைக்கடை விளம்பரம் இருக்குமே, அது வணிகமா? தவிர, அந்த நிபந்தனை உள்ள எழுத்தைத் தமிழ் விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. சரி, 'மாற்றக் கூடாது' என்று போடலாமா? மூட்டு வலிப் பத்திக்கு அது மருந்து. ஆனால் மொழிபெயர்ப்பதும் மாற்றமே என்பதால், நாளைக்கு யாராவது மலையாளத்தில் கொண்டுபோக நினைத்தால் அந்தக் கதவையும் அடைத்ததாகிவிடும். இன்னொன்றையும் யோசித்துக்கொள்ள வேண்டும். இந்த உரிமங்களை ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான். பிறகு மனம் மாறி உரிமத்தை எடுத்துவிட்டாலும், ஏற்கெனவே எடுத்தவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது.

கடைசியில், பெயர் போட வேண்டும், மாற்றினால் மாற்றியதைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்ற வகையைக் கட்டுரைகளுக்கு எடுத்துக்கொண்டேன். கதைகளுக்கு மட்டும் கேட்டுவிட்டுத்தான். இதனால் சித்தி பிரச்சினை தீருமா? தீராது. வால் ஒட்டுகிறவர் உரிமம் படிக்கிற ஆள் இல்லை.

இவ்வளவு தூரம் யோசிக்க வைத்தது ஒரு நண்பனின் சாவு. பத்து வருடமாகத் தன் ஊரின் குளங்களைப் பற்றி எழுதிவந்தான். போன பிறகு அதைத் தொகுத்துப் புத்தகமாகப் போட நாங்கள் நாலு பேர் கிளம்பினோம். உரிமை மனைவிக்கும் மகளுக்கும் என்று சட்டம் சொல்லும். அந்தம்மாவிடம் போய் நின்றால், "அவர் என்ன எழுதினார்னே நான் படிச்சதில்லை அண்ணா, நான் எப்படிச் சரின்னு சொல்றது?" என்று அழுதார். அவன் உயிரோடு இருந்தபோது மூன்று வரி எழுதி வைத்திருந்தால் அந்தக் கேள்வியை அவர் சுமந்திருக்க வேண்டாம். புத்தகம் இன்னும் வரவில்லை.

சரி, ஆசிரியருக்கு ஏன் இரண்டு நாள்? பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். நடுவே துருத்தியும் நெருப்புமாக அழகான ஒரு புகைப்படம். அது நான் எடுத்ததில்லை. கூகுளில் தேடி எடுத்துப் போட்டிருக்கிறேன். அடியில் 'நன்றி: இணையம்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். தபால்காரருக்கு நானும் மாலை போட்டவன்தான். எடுத்தவர் யார் என்று இரண்டு நாள் தேடினேன், கிடைக்கவில்லை. என்னுடையது அல்லாததற்கு நான் எப்படி அனுமதி கொடுப்பது?

பதிவிலிருந்து படத்தை நீக்கிவிட்டு ஆசிரியருக்கு எழுதினேன். கட்டுரையைப் போட்டுக்கொள்ளுங்கள், பெயர் இருக்கட்டும், நீளம் அதிகமென்றால் என்னிடம் சொல்லுங்கள், நானே குறைத்துத் தருகிறேன், படம் மட்டும் வேண்டாம், அது என்னுடையதில்லை என்று. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "பரவாயில்லை சார், எட்டாம் வகுப்புல ஒரு பையன் நல்லா வரைவான். கட்டுரையைப் படிச்சுக் காட்டி அவனையே வரையச் சொல்றேன்."

சொல்லுங்கள் என்றேன். படத்துக்கு அடியில் அவன் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன்.